கண் போகாத இடத்தில் கை போகலாமா?



புதையல் தேடும் கதைகளைச் சிறு வயதில் கேட்டு மகிழாதவர் நம்மில் எவர் உளர்? அக்கதை இன்று ஒரு விளையாட்டாக உருமாறி உலகெங்கும் வலம் வருகிறது. செயற்கைக்கோள் வழிகாட்டும் முறையில் பொதுமக்களுக்குக் கிடைக்கும் கணிப்பில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அப்பிழையை அவ்வரசு நீக்கிற்று. அடுத்த ஓரிரு நாள்களிலேயே ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த டேவ் உல்மர் என்பவர், ஒரு வாளியில் சில பொருள்களை இட்டுக் காட்டோரம் மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் அறிவித்தார். எண்களை வைத்துக்கொண்டு தேடிச் சென்று கண்டுபிடிப்பது, அங்குள்ள ஏட்டில் பெயர் எழுதிவிட்டு மீண்டும் அங்கேயே வைத்துவிட்டுத் திரும்புவது: இதுதான் விளையாட்டு. ஜியோகேச்சிங் என்று பெயர்.

அயல்நாடுகளில் வாழும் நம் உறவினரின் பிள்ளைகள் பெருநாள் விடுமுறைக்கு ஊர் வருகையில் இவ்விளையாட்டையும் கைபேசியில் உடன் கொண்டு வருகின்றனர். உள்ளூர்ப் பிள்ளைகளும் சேர்ந்து கொள்கின்றனர். மகிழ்ச்சிதான்! நான்கு சுவர்களுக்குள் முடங்கிக் கிடப்பதைவிட வெயிலிலும் காற்றிலும் நடப்பது உடலுக்கும் உள்ளத்திற்கும் நல்லது. ஆயினும் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். அந்தப் பெட்டிகளை எங்கே ஒளித்து வைக்கிறார்கள்? பாறை இடுக்கில், மரப்பொந்தில், கற்குவியலின் அடியில், சருகுக்குள். திருவண்ணாமலை போன்ற வறண்ட மலைப் பகுதியில் அவ்விடங்களிலெல்லாம் முன்னரே குடியிருப்போர் உண்டு!

ஏறத்தாழ 814 மீட்டர் உயரமுள்ள அண்ணாமலை, ஊருக்கு அப்பால் நிற்கும் மலையன்று. ஊரே அதன் மடியில்தான் அமைந்துள்ளது. மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் பாதையில் முழுநிலவு நாள்களில் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். 1980களில் இம்மலை பெரும்பாலும் மொட்டைப் பாறையாகவும் காய்ந்த புல்லாகவும் இருந்தது. அப்பத்தாண்டின் இறுதியில் தொடங்கிய மரம் நடும் பணியும், கோடையில் தீ பரவாதிருக்கப் புல்லைச் செதுக்கித் தடுப்புக் கோடுகள் அமைக்கும் பணியும் அடிவாரத்தை மீண்டும் பசுமையாக்கியுள்ளன. மலை தழைத்தால் மானும் மயிலும் மட்டுமா பெருகும்? எலியும் ஓணானும் பெருகும். அவற்றை உண்ணும் பாம்பும் வரும்.

அவற்றுள் சுருட்டை விரியனைப் பற்றி முதலில் அறிந்து கொள்ளுங்கள். நீளம் குறைந்த சிறு பாம்பு. பாறையும் முள்ளும் நிறைந்த வறண்ட நிலமே அதற்குப் பிடித்தமான வீடு. பகலில் கல்லின் அடியில் சுருண்டு கிடக்கும். அச்சுறுத்தினால் தன் செதில்களை ஒன்றோடொன்று உரசி, அரம் தேய்ப்பது போன்ற ஒலி எழுப்பும். அதன் உருவத்தைக் கண்டு ஏமாறுவோர் பலர். இரத்தம் உறையும் தன்மையையே கெடுக்கும் நஞ்சு அதனுடையது. கல்லைப் புரட்டும் பிள்ளையின் விரலுக்கும் அதற்கும் இடையே இருப்பது அரை அடி தூரம்தான்! ஆகவே, கண் போகாத இடத்தில் கை போகக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஒரு நீண்ட கோலும், மூடிய காலணியும், மாலையானால் ஒரு கைவிளக்கும் இருந்தால் ஆபத்தின் பெரும்பகுதி விலகிவிடும்.

நல்ல பாம்பு படமெடுத்து எச்சரிக்கும். கண்ணாடி விரியன் குக்கர் ஆவி விடுவதுபோல் சீறும். கட்டு விரியனோ எவ்விதமான எச்சரிக்கையும் தராது. கருநிற உடலில் வெண்பட்டைகள் கொண்ட அது, இரவில் வீட்டினுள் புகுந்து, தரையில் பாய் விரித்து உறங்குவோரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. விடியற்காலையில் வயிற்று வலி என்பார்கள், கண்ணிமைகள் தொங்கத் தொடங்கும், பேச்சுக் குழறும். "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று கஷாயம் காய்ச்சிக்கொண்டிருந்தால் மூச்சு நின்றுவிடும். கொசுவலையின் ஓரங்களைப் பாயின் அடியில் செருகிவிட்டு உறங்குவது கொசுவுக்கு மட்டுமன்று, கட்டு விரியனுக்கும் தடை.

நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் மாண்டதாக 2020இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. தமிழக அரசு 2024ஆம் ஆண்டு நவம்பரில், பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. மருந்து இல்லாமலா இத்தனை பேர் இறந்தனர்? மருந்து உண்டு. அதனிடம் போய்ச் சேர எடுத்துக்கொண்ட நேரம்தான் பலரின் உயிரைப் பறித்தது.

கடிபட்டவரை நடக்கவோ ஓடவோ விடாதீர்கள். எலும்பு முறிந்த கையைக் கட்டுவதுபோல், கடிபட்ட கையை அல்லது காலை ஒரு மட்டையுடன் சேர்த்து அசையாமல், ஆனால் இறுக்காமல் கட்டுங்கள். பெண்களாயின் வளையல், மோதிரம், கொலுசு ஆகியவற்றை உடனே கழற்றுங்கள். வீங்கிய பின் கழற்ற இயலாது. கயிறு கொண்டு இறுகக் கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை அரைத்துப் பூசுவது அனைத்தும் கேடு. 108க்கு அழையுங்கள். நச்சுமுறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே உள்ளது. பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துச் செல்லத் தேவையில்லை. மருத்துவர் சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசையாமல் வைப்பார். உறையவில்லையெனில் விரியனின் வேலை என்பது விளங்கிவிடும். நான்கு பாம்புகளுக்கும் ஒரே மருந்துதான்.

இங்கே நம் இல்லங்களைப் பற்றி ஒரு சொல். யாருக்கேனும் விஷக்கடி என்றால் ஓதி ஊதவும், தண்ணீர் ஓதிக் கொடுக்கவும் பெரியவர்களைத் தேடி ஓடும் வழக்கம் நம்மிடம் உண்டு. துஆ செய்வதை யார் தடுப்பார்? மருத்துவமனைக்கு விரையும் வண்டியில் அமர்ந்தே ஓதுங்கள்! ஓதுபவரைத் தேடி எதிர்த்திசையில் ஓடும் அரைமணி நேரம்தான் ஆபத்து. வெட்கத்தினாலோ, வாப்பா ஏசுவார் என்ற அச்சத்தினாலோ கடிபட்டதையே மறைக்கும் பெண் பிள்ளைகளும் உள்ளனர். அவர்களிடம் உம்மாமார் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

அந்த நச்சுமுறி மருந்தின் மூலப்பொருள் நம் தமிழகத்திலிருந்துதான் பெருமளவில் செல்கிறது என்பது பலரும் அறியாத செய்தி. ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்து வந்த இருளர் மக்கள், தோல் வணிகம் சட்டத்தால் நின்றுபோனபின் வாழ்வுக்கு வழியின்றித் தவித்தனர். ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978இல் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் பாம்பின் நஞ்சை எடுத்தபின் அதனை மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பாம்பைவிடப் பிள்ளைகள் அடிக்கடி சந்திக்கக்கூடியவை தேளும் குளவியும்தான். பெரிய இடுக்கிகளுடன் அச்சமூட்டும் கருந்தேளைவிட, மெலிந்த இடுக்கிகளுடைய சிறு செந்தேளே கொடியது. அது கொட்டினால் இதயமே தடுமாறும். குளவிக் கூட்டைப் பொறுத்தவரை அண்ணாமலையிலேயே நடந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1899 முதல் 1922 வரை இம்மலையின் குகைகளில் வாழ்ந்த ரமணர், ஒருநாள் சரிவில் நடக்கையில் புதருக்குள் மறைந்திருந்த குளவிக் கூட்டில் அவர் கால் இடித்துவிட்டது. குளவிகள் அந்தக் காலை மொய்த்துக் கொட்டின. கூட்டைக் கலைத்தது தம் கால்தான் என்று அவர் அசையாமல் நின்றாராம். நமக்கு அத்தகைய பொறுமை வேண்டாம். முகத்தை மூடிக்கொண்டு அவ்விடத்தை விட்டு விரைந்து அகல்வதே நமக்கு ஏற்றது. மலைத்தேனீக்கள் கூடு கட்டியிருக்கும் பாறையருகே புகை எழுப்பாதீர்கள். கடும் நறுமணமும் அவற்றைச் சினமூட்டக் கூடும். ஆகையால் உலாவச் செல்லும் அன்று மட்டும் அத்தரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்!

குரங்குகளுக்கு வருவோம். தலையில் தொப்பி வைத்தாற்போல் மயிர் படிந்த நாட்டுக் குரங்கு தென்னிந்தியாவுக்கே உரியது. பிளாஸ்டிக் பையைக் கண்டாலே உணவென்று பாயும் வழக்கத்தை அதற்குக் கற்பித்தவர்கள் நாம்தாம். பிரியாணிப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டபடி நடக்காதீர்கள். கண்ணோடு கண் வைத்து முறைப்பதை அது சண்டைக்கு அழைப்பதாகக் கொள்ளும். கடித்தாலோ கீறினாலோ சோப்பு இட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

புள்ளிமான்களோ நம்மைக் கண்டு அஞ்சுபவை. கோடையில் தண்ணீர் தேடி அவை சாலையோரம் வரும்போது தெருநாய்கள் துரத்துகின்றன, வாகனங்கள் மோதுகின்றன. படம் பிடிப்பதற்காகப் பிள்ளைகள் அவற்றைத் தொடர்ந்து சென்றால், மிரண்ட மான் ஓடுவது பெரும்பாலும் சாலையை நோக்கித்தான்.

வனத்துறையின் அனுமதியின்றி மலைமேல் ஏறுவதற்குத் தடை உள்ளது. 2024 டிசம்பர் 1ஆம் நாள் பெருமழையில் மண்ணும் பாறையும் சரிந்து அடிவாரத்தில் ஏழு உயிர்களைக் குடித்த துயரத்தை எவரும் மறந்திருக்க முடியாது. ஆகவே இங்குப் பெட்டி ஒளித்து விளையாட வேண்டாம். அந்த விளையாட்டிலேயே பெட்டியில்லாத வகை ஒன்று 2004 முதல் உண்டு. குறிப்பிட்ட இடத்திற்குச் சென்று, அங்குள்ள பாறையையும் நிலத்தையும் கூர்ந்து நோக்கி, கேட்கப்படும் வினாக்களுக்கு விடை எழுதுவதே அதன் முறை. அதைப்போலவே அண்ணாமலையைச் சுற்றும் பாதையில் நின்று பிள்ளைகள் பார்த்ததை எழுதட்டும்: எத்தனை மயில், எந்த மரத்தில் என்ன பறவை, எந்த இடத்தில் மான் சாலையைக் கடந்தது என்று. காலைத் தொழுகை முடிந்தவுடன் புறப்பட்டால், வெயில் ஏறுமுன் அரைப்பாதை சுற்றிவிடலாம்.