நாய்க்கு ஒரு பிடி சோறு

நம்முடைய வீடுகளில் அடுப்பு எரியத் தொடங்கியதும் வாசற்படியில் ஒரு பங்காளி வந்து உட்கார்ந்து விடுகிறான். கேட்கும் உரிமை அவனுக்கு இல்லை. ஆனால் எதிர்பார்க்கும் உரிமையை அவன் எந்த நாளும் விட்டுக் கொடுத்ததில்லை. நாயைத்தான் சொல்கிறோம்.

கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் இருக்கும் கணபதி, ஒரு காலத்தில் தனிக் கிராமம். இன்று மாநகராட்சியோடு கலந்துவிட்ட பகுதி. டெக்ஸ்டூல் ஆலையாலும், வார்ப்படப் பட்டறைகளாலும், பம்புசெட்டுத் தொழிலாலும் பெயர் பெற்ற இவ்வூரில், பட்டறை வாசலில் ஒரு காவல் நாயும் வீட்டு வாசலில் ஒரு செல்ல நாயும் இருப்பது சகஜம். இவற்றில் பலவற்றுக்கு ஆகாரம், வீட்டில் மீந்து போனதுதான். "நாம் சாப்பிடுவதைத்தானே போடுகிறோம், இதில் என்ன தப்பு?" என்று கேட்கும் தாய்மார்கள் அநேகர். கேள்வி நியாயமானதே. ஆனால் நமக்கு அமிர்தமாயிருக்கும் சில பதார்த்தங்கள் அந்த ஜீவனுக்கு விஷமாகி விடுகின்றன. வேண்டுமென்று யாரும் நாய்க்கு விஷம் வைப்பதில்லை; பிரியத்தினால் வைத்து விடுகிறார்கள்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லி விடுவோம். நாய் மாமிச பட்சிணி, அதற்குச் சோறு ஆகாது என்று சிலர் சொல்வது முழு உண்மை அன்று. ஸ்வீடன் தேசத்து உப்சாலா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2013-ம் ஆண்டில் ஓநாயையும் நாயையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாவுப் பொருளைச் செரிக்கச் செய்யும் அமிலேஸ் என்னும் ரசத்துக்குரிய மரபணு, ஓநாயிடம் இரண்டே பிரதிகள் இருக்க, நாயிடம் நான்கு முதல் முப்பது வரை இருப்பதைக் கண்டார்கள். மனிதன் உழுது பயிரிடத் தொடங்கிய நாளாக அவன் எச்சிலைத் தின்று தின்று, நாயின் வயிறே மாறி விட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

ஆகையால், கொங்கு நாட்டு நாய்க்குக் கம்மஞ்சோறும் ராகிக் களியும் தாராளமாகப் போடலாம். தானியம் மட்டும் போதாது. அதனுடன் வெந்த முட்டையோ, எலும்பு நீக்கிய வெந்த கோழிக் கறியோ சேர வேண்டும். நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு முட்டைக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியுமா? வேகவைத்த பூசணி, உதகையிலிருந்து வரும் காரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் நல்லவை. வளர்ந்த நாய்களில் பலவற்றுக்குப் பால் ஒத்துக் கொள்ளாமல் வயிற்றுப்போக்கு உண்டாகும். தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக் கொள்ளும்.

இனி வெங்காயம். கம்மஞ்சோற்றைக் கரைத்துக் குடிக்கையில் சின்ன வெங்காயத்தைக் கடித்துக் கொள்வதைப் போன்ற சுகம் வேறில்லை. அந்தச் சுகம் மனிதனோடு நிற்கட்டும். வெங்காயத்திலுள்ள கந்தகச் சேர்க்கைகள் நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்களைச் சிதைத்து விடும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் சென்றாலே இரத்தம் கெடுவது தெரியும் என்று கால்நடை வைத்தியர்கள் சொல்கிறார்கள். பத்துக் கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு 150 கிராம், அதாவது இரண்டு பிடிச் சின்ன வெங்காயம் போதும். ஒரே நாளில் அவ்வளவும் செல்ல வேண்டும் என்பதுமில்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேர்ந்தாலும் தீங்குதான். வதக்கினாலும் வேக வைத்தாலும் அந்தக் குணம் போவதில்லை. பூண்டோ வெங்காயத்தைவிடக் கடுமையானது.

இப்பொழுது நம்முடைய அரிசிம்பருப்புச் சோற்றை எண்ணிப் பாருங்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் அதற்கு ருசி ஏது? கொங்கு நாட்டார் வீட்டில் வாரத்துக்கொரு முறையாவது பொங்கும் அந்தச் சோற்றைத்தான், சட்டியில் மிஞ்சியது வீணாகக் கூடாதென்று, வாசலில் காத்திருக்கும் நாய்க்கு வழித்துப் போடுகிறோம். நாய் வாலை ஆட்டிக்கொண்டு தின்கிறது. நாலைந்து நாள் கழித்து அது சோர்ந்து படுத்து, ஈறு வெளுத்து, சிறுநீர் செம்பழுப்பு நிறமாகப் போகும்போது, போன வாரத்துச் சோற்றை யார் நினைக்கப் போகிறார்கள்? வெயில் கொடுமை என்று சொல்லி விடுகிறோம்.

திராட்சையின் கதை இன்னும் விசித்திரமானது. கம்பத்துப் பன்னீர்த் திராட்சையானாலும் சரி, பாயசத்தில் மிதக்கும் உலர்ந்த திராட்சையானாலும் சரி, நாயின் சிறுநீரகத்தைச் செயலற்றதாக்கி விடக்கூடும். ஒரு நாய் கொத்தாகத் தின்று பிழைத்து விடும். மற்றொன்று சில பழங்களிலேயே மடியும். இதன் காரணம் வெகு காலம் புலப்படவில்லை. அமெரிக்காவில் நாய்களின் விஷ முறிவு ஆலோசனை நிலையமொன்றில், குழந்தைகள் விளையாட வீட்டிலேயே பிசைந்த மாவைத் தின்ற நாய்களுக்கும் அதே சிறுநீரகக் கேடு வருவதை வைத்தியர்கள் கவனித்தார்கள். அம்மாவில் டார்டாரிக் அமிலத்தின் உப்பு கலந்திருந்தது. திராட்சையில் இருப்பதும் அவ்வமிலமே. 2021-ம் ஆண்டில் இதை வெளியிட்டார்கள்.

டார்டாரிக் அமிலம் என்றால் ஏதோ சீமைச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம்முடைய புளிக்குப் புளிப்பைக் கொடுப்பதே அதுதான்! புளியைத் தின்ற நாய்களுக்கும் இக்கேடு நேர்ந்திருப்பதாகப் பிற்பாடு வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரு கரண்டி ரசத்தால் உயிர் போய்விடும் என்று பயமுறுத்துவது நம் நோக்கமன்று. ஆனால் சாம்பாரில் புளியும் வெங்காயமும், ரசத்தில் புளியும் பூண்டும் கூடியிருக்கும்போது, அவற்றை ஊற்றிப் பிசைந்த சோறு நாய்க்கு எதற்கு? சோறு வடித்தவுடன், குழம்பு சேர்வதற்கு முன்பே, அதன் பங்கை எடுத்து வைத்துவிட்டால் வேலை தீர்ந்தது. இதற்குத் தனி அடுப்பும் வேண்டாம், தனிச் செலவும் வேண்டாம்.

பூஞ்சை பிடித்ததை நாய்க்குப் போடும் வழக்கம் ஒன்று உண்டு. "மனுஷருக்கு ஆகாது, நாய்க்குப் போடு" என்பார்கள். 1960-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்ததில், தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் பூத்திருந்த பூஞ்சையே காரணமென்று தெரிந்தது. அந்த விஷத்துக்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயரிட்டார்கள். கல்லீரலைத் தின்னும் இவ்விஷம், வறுத்தாலும் வேக வைத்தாலும் முழுவதும் அழிவதில்லை. நாய்கள் இதற்கு மிகவும் எளிதில் இரையாகும். அமெரிக்காவில் விலை கொடுத்து வாங்கிய நாய்த் தீனியிலேயே இவ்விஷம் இருந்து, நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் இறந்ததாக 2021-ம் ஆண்டு ஜனவரியில் அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. கடலையும் மக்காச்சோளமும் விளையும் நமது ஜில்லாக்களில், நனைந்து பூத்த தானியம் குப்பைக் குழிக்குத்தான் போக வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சாக்லெட்டிலுள்ள தியோப்ரோமின் பாதியளவு வெளியேறவே நாயின் உடலில் ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும். கறுப்புச் சாக்லெட் மிகவும் பொல்லாதது. காப்பியும் காப்பித்தூளும் அதே இனம். சர்க்கரை வியாதிக்காரருக்கென விற்கும் சில இனிப்புகளிலும் சூயிங் கம்மிலும் உள்ள ஸைலிடால், நாயின் இரத்தச் சர்க்கரையை அரை மணிக்குள் வீழ்த்திவிடும். விருந்து நாளில் மிஞ்சும் நெய்யும் கொழுப்பும் கணையத்தைப் புண்ணாக்கும். வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். ஊறுகாயும் கருவாடும் உப்பினால் ஆகாதவை.

ஆகாததை நாய் தின்று விட்டால், உப்புக் கரைசலையோ புளிக் கரைசலையோ வாயில் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் கை வைத்தியம் கிராமங்களில் உண்டு. வேண்டவே வேண்டாம். உப்பு மிகுந்தால் மூளையைத் தாக்கும். புளியைப் பற்றி மேலே பார்த்தோம். தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் கால்நடை வைத்தியரிடம் கொண்டு போனால், அவரே தகுந்த மருந்தால் வாந்தி செய்விப்பார். திராட்சையானால், நாய் குதித்து விளையாடிக் கொண்டிருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது; சிறுநீர் நின்று போவது ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான். போகும்போது என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை ஒரு காகிதத்தில் குறித்துக் கொள்ளுங்கள். மிச்சம் இருந்தால் அதையும் ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.