குடிமகனா? நீயே நிரூபி

ஹைதராபாத் பழைய நகரின் ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்கு 2020 பிப்ரவரியில் வந்தது அந்த நோட்டீஸ். அனுப்பியது ஆதார் ஆணையத்தின் மண்டல அலுவலகம். பொய்த் தகவல் கொடுத்து ஆதார் வாங்கியதாகப் புகாராம். அசல் ஆவணங்களுடன் பாலாபூருக்கு வந்து, தான் இந்தியக் குடிமகன் என்று அவர் நிரூபிக்க வேண்டுமாம்.

இப்படி நோட்டீஸ் பெற்றவர்கள் 127 பேர். போலீஸ் தந்த தகவலே காரணம் என்றது ஆணையம். ஆனால் ஆதார் குடியுரிமைச் சான்றே அல்ல என்கிறது 2016ம் ஆண்டின் ஆதார் சட்டம். எதிர்ப்பு கிளம்பியதும் ஆணையமும் அதையே சொல்லி, விசாரணையைத் தள்ளிவைத்தது.

சட்டவிரோதமாகக் குடியேறியவர்களைக் கண்டுபிடிப்பது அரசின் கடமைதான். சிக்கல் வேறு இடத்தில். 1946ம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம், நிரூபிக்கும் பொறுப்பைச் சந்தேகத்துக்கு ஆளானவர் தலையிலேயே கட்டியது. அதற்குப் பதிலாக வந்த 2025ம் ஆண்டின் சட்டமும் இதை மாற்றவில்லை. எனவே, யார் மீது சந்தேகம் விழுகிறது என்பதே பாதித் தீர்ப்பு. முகம், பெயர், பேச்சு, குடியிருக்கும் பேட்டை ஆகியவற்றைப் பார்த்து அது விழுந்தால்?

தமிழகத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1991ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின், ஈழத் தமிழ் பேசுவதே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது.