எந்த டேப் உங்கள் கைக்கு ஏற்றது?



தாராவி, மாட்டுங்கா, செம்பூர் சபைகளில் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆராதனைக்கு வரும் வாலிபப் பிள்ளைகள் பெருகியிருப்பது கர்த்தருடைய கிருபையே. பெற்றோர் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிக்கொடுத்த கருவி அது. ஆயினும், ஒலிநாடாவிலோ கைப்பேசியிலோ கேட்டபடியே முன்னிசையை அழகாக வாசிக்கிற பிள்ளை, சபையார் பாடத் தொடங்கியவுடன் கையை எடுத்துவிடுகிறான். காரணம் சோம்பல் அல்ல. பெரும்பாலும் அவன் கையிலிருக்கும் ‘டேப்’ அவனுடைய வேலைக்கு ஏற்றதாக இல்லை.

டேப் என்பது ஆறு கோடுகளும் அவற்றின்மேல் எண்களுமாக எழுதப்படும் இசைக்குறிப்பு. மேல்கோடு மெல்லிய முதல் தந்தி. கீழ்க்கோடு தடித்த ஆறாம் தந்தி. எண் எந்த ஃப்ரெட்டில் விரல் வைக்கவேண்டும் என்பதைக் காட்டும். பூஜ்யம் என்றால் தந்தியை அழுத்தாமல் மீட்டவேண்டும். இது இக்காலத்துக் குறுக்குவழி என்று இகழ வேண்டாம். 1507-லேயே வெனிஸ் நகரில் லூட் என்னும் வாத்தியத்திற்கு இவ்வகைக் குறிப்புகள் அச்சாயின.

நம் தமிழ்ச் சபைகளில் வழங்கிவந்த முறையோ வேறு. ஸ்வரக் குறிப்பும், பாடகர் குழுக்களின் சோல்ஃபாவும் சுருதியை நம் விருப்பத்திற்கு விட்டுவிடும். ‘ச’ எங்கே தொடங்கினாலும் பாட்டு மாறாது. டேப் அப்படியல்ல, அது ஸ்வரத்தைச் சொல்லுவதில்லை, விரல் இருக்கவேண்டிய இடத்தைச் சொல்லுகிறது. நமது இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. ஆராதனையில் ஒரு சகோதரி ஆவியில் நிறைந்து, எவரிடமும் சுருதி கேட்காமல் பாட்டை எடுத்துவிடுவார். அடுத்த பாட்டை ஒரு சகோதரர் எடுப்பார். ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் ஏற்ற சுருதி பொதுவாக நான்கைந்து அரைச்சுரம் வேறுபடும். எண்களை மட்டும் மனப்பாடம் செய்தவன் அங்கே என்ன செய்வான்?

ஆகையால் டேப்பைத் தெரிந்தெடுக்கும்போது முதலாவது பார்க்கவேண்டியது, கேப்போ எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதே. கேப்போ போட்ட டேப்பில் எண்கள் கேப்போவிலிருந்து எண்ணப்படுகின்றன. ‘கேப்போ 3’ என்றிருக்கும் டேப்பை, விரல் அமைப்பை மாற்றாமலே, மூன்று அரைச்சுரம் வரை இறக்கலாம், மேலேயும் ஏற்றலாம். கேப்போ இல்லாத டேப்பையோ ஏற்றத்தான் முடியும். கேப்போ என்றாலே கற்றுக்குட்டிகளுக்கு என்று சிலர் எண்ணுகிறார்கள். சபையில் வாசிக்கிறவனுக்கு அதுவே கைத்தடி.

இரண்டாவது, தாளம். வெறும் எண்களுள்ள டேப் எந்தச் சுரம் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதைச் சொல்லாது. காதில் ஊறிய பாட்டுக்கு அது போதும். திருநெல்வேலியிலிருந்து பாட்டியம்மா கொண்டுவந்த பழைய கீர்த்தனைக்குப் போதாது. நம் பாட்டுகளில் பல 6/8 தாளத்தில் நடப்பவை; அங்கே நீளம் தப்பினால் பாட்டே நொண்டும். எண்களோடு தாளக் கோடுகளும், அல்லது மேலே ஐந்து கோட்டு இசைக்குறிப்பும் அச்சிட்ட புத்தகத்தையே தேடுங்கள்.

டேப்பின் தலைப்பில் தந்திகளின் சுருதி எழுதியிருக்கும். ஆறாம் தந்தியை மட்டும் ஒரு முழுச்சுரம் இறக்கச் சொல்லும் டேப்புகளைத் தனிப் பாடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாட்டுகளுக்கிடையே ஜெபவேளையில் தந்தியை முறுக்கிக்கொண்டிருப்பது ஆராதனைக்கு இடையூறு.

உண்மையைச் சொன்னால், சபையில் தாளம் போட்டுப் பாட்டை நடத்துகிறவனுக்கு முழு டேப் தேவையில்லை. பாட்டு வரிகளின்மேல் கார்ட் எழுதிய தாளும், முன்னிசைக்கும் இடையிசைக்கும் மட்டும் நான்கு வரி டேப்பும் போதும். இதைச் சிறுமை என்று எண்ணுகிற பிள்ளைகள் உண்டு; முழுப் பாட்டையும் தனித்தனிச் சுரமாக மீட்டினால்தான் தாலந்து என்று நினைக்கிறார்கள். சபையார் பாடுவதற்கு அது உதவாது.

டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் கிளாசிகல் கிட்டார் தேர்வு எழுத விரும்பும் பிள்ளைக்கோ டேப் மட்டும் போதாது. ஐந்து கோட்டைப் படித்தே ஆகவேண்டும். பெற்றோரே, புத்தகம் வாங்குமுன் பிள்ளையின் நோக்கம் தேர்வா, சபையா என்று கேளுங்கள். தோபி தலாவில் 1865 முதல் நடந்துவரும் ஃபர்டாடோஸ் போன்ற கடைக்குப் போனால், அட்டையைப் பார்த்து வாங்காமல், நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

கைப்பேசியில் இலவசமாய்க் கிடைக்கும் டேப்புகளில் தவறுகள் மலிந்திருக்கும். பாட்டை ஒலிக்கவிட்டு, பல்லவியை மட்டும் உடன் வாசித்துப் பாருங்கள். இரண்டு இடத்தில் இடறினால் அதை விட்டுவிடுங்கள்.

1 நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தில், பாட்டில் பயிற்றுவிக்கப்பட்டவர்கள் 288 பேர் என்றும், ஆசானும் மாணாக்கனும் சமமாய்ச் சீட்டுப் போட்டார்கள் என்றும் வாசிக்கிறோம். உங்கள் சபையின் கீபோர்டு வாசிப்பவரோடு சனிக்கிழமை மாலை அரைமணி நேரம் உட்காருங்கள். ஒரே பாட்டை மூன்று சுருதிகளில், கேப்போவை நகர்த்தி நகர்த்தி வாசியுங்கள். எந்தச் சுருதிக்குக் கேப்போ எத்தனையாவது ஃப்ரெட்டில் என்பதைப் பென்சிலால் டேப்பின் ஓரத்திலேயே குறித்து வையுங்கள்.