பால் கொடுத்த மரம்

எங்கள் அம்மா இருபது ஆண்டுகள் பால் வெட்டியவர். தம் நிரையில் இருந்த மரங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடாத குறைதான். கிழட்டு மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்தபோது, கிடைத்த கட்டையில் அண்ணன் ஒரு பெஞ்சு செய்து அஞ்சடியில் போட்டார். ஒரு வருடம் தாங்கவில்லை. அடியில் மாவு மாவாகக் கொட்டியது. ஒருநாள் விருந்தாளியோடு சேர்ந்து பெஞ்சும் தரையில் உட்கார்ந்துவிட்டது!

"பால் கொடுத்த மரம், பாரமும் சுமக்கணுமா?" என்று அம்மா சிரித்தார்.

கித்தாக் கட்டையில் மாவுச்சத்து அதிகம். அதுதான் வினை. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணம் ஏறி நீலம் பாயும். பிறகு வண்டு துளைக்கும். அதனால்தான் இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் சுரந்த மரம் கடைசியில் அடுப்புக்கும், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூண்டுக்கும் விறகாகப் போய்க்கொண்டிருந்தது.

1980களில் நிலைமை மாறியது. மரத்தைச் சாய்த்த சூட்டோடு அறுத்து, பலகைகளை இரும்பு உருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, போரான் உப்புக் கரைசலை அழுத்தி ஏற்றுகிறார்கள். பின்னர் சூட்டறையில் நாள்கணக்கில் உலர்த்துகிறார்கள். ஜொகூரின் மூவார் இன்று நாற்காலி மேசைக்குப் பேர்போன ஊராக இருப்பதில் இந்த மரத்துக்குப் பெரும் பங்குண்டு. காட்டு மரத்தில் கைவைக்க வேண்டியதில்லையே!

வாங்கும்போது பலகையில் பல் பல்லாகக் கோடு தெரிந்தால் ஏமாற்று என்று நினைக்காதீர்கள். அடிமரம் குட்டை என்பதால், துண்டுகளை விரல் கோத்தாற்போல் இணைத்துப் பசையிடுகிறார்கள். ஆனால் மழைச்சாரலில் போடாதீர்கள். போரான் தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும்.

தோட்டங்கள் செம்பனைக்கு மாற மாற, இந்தக் கட்டையும் அருகிவருகிறது. 2017 ஜூலையில், அறுத்த ரப்பர் பலகையை வெளிநாட்டுக்கு அனுப்ப அரசு தடை போட்டது. விறகுக்கு வந்த மவுசைப் பாருங்கள்!

சென்ற தீபாவளிக்குச் சாப்பாட்டு மேசை ஒன்று வாங்கினேன். சந்தன நிறம், வழவழப்பு. அம்மா உள்ளங்கையால் நெடுநேரம் தடவினார். பிறகு குனிந்து மோந்து பார்த்தார்.

"புளிச்ச வாடை போயிடுச்சு. ஆனா நம்ம மரந்தான்" என்றார். அன்றிரவு தட்டை அதன்மேல் வைக்கவே அவருக்கு மனம் வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார்.