40-ஐ 9-ஆல் வகுத்துப் பாருங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் துப்பாக்கி ஏந்தி மான் வேட்டைக்குப் போகும் பருவம் ஆண்டுதோறும் நவம்பர் 15-ஆம் தேதி தொடங்குகிறது. அங்குள்ள வெள்ளைவால் மான் அதிகம் நடமாடுவது விடிகாலையிலும் அந்தி சாயும் வேளையிலும்தான். சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து, மறைந்து அரை மணி நேரம் வரை சுடலாம் என்கிறது சட்டம். மான் கண்ணில் படும் நேரமும் வெளிச்சம் மங்கிக் கிடக்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

ரைஃபிளுக்கு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்கப் போகிறவரோ முதலில் கேட்பது, ‘எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?’ என்பதைத்தான். மலிவு விலைக்காரர்களும் அதற்கேற்ப 24 மடங்கு என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். காட்டு மான் வேட்டைக்கு அது வீண் செலவு.

அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் மிகப் பரவலாக இருப்பது 3-9x40 வகை. 3 முதல் 9 மடங்கு வரை மாற்றிக்கொள்ளலாம். முன்பக்க லென்ஸின் விட்டம் 40 மில்லிமீட்டர். இந்த ஸ்கோப்பைக் கைநீள தூரத்தில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தை நோக்கித் திருப்பினால், கண் வைக்கும் பக்கத்தில் பளிச்சென்று ஒரு சிறு வட்டம் மிதக்கும். மடங்கை மாற்றும் வளையத்தை 3-லிருந்து 9-க்குத் திருப்பத் திருப்ப அது சுருங்கும். லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் வட்டத்தின் அளவு கிடைக்கும்: 40-ஐ 9-ஆல் வகுத்தால் சுமார் 4.4 மில்லிமீட்டர். அந்த வட்டத்தின் வழியாக வரும் ஒளிதான் கண்ணுக்குள் போகிறது.

இருட்டில் இளைஞரின் கண்மணி சுமார் 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் 5 மில்லிமீட்டரே அதிகம். ஸ்கோப்பின் வட்டம் கண்மணியைவிடச் சிறியதானால் காட்சி மங்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள ஸ்கோப்பை 24 மடங்கில் வைத்தால் வட்டம் 2.1 மில்லிமீட்டர்தான்; அந்தியில் மானும் புதரும் ஒன்றாகத் தெரியும். 3-9x40 ஸ்கோப்பை 6-இல் வைத்தால் 6.7 மில்லிமீட்டர் கிடைக்கும். அதற்குமேல் கண்ணுக்கே கொள்ளளவு கிடையாது.

அடுத்தது கண்ணாடி. பூச்சில்லாத லென்ஸின் ஒவ்வொரு பரப்பும் தன்மீது விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கோப்புக்குள் இப்படிப் பத்துப் பரப்புகள் இருந்தால், மூன்றில் ஒரு பங்கு ஒளி வழியிலேயே காலி. 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா இதற்கு வழி கண்டார்: ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு தடிமனுக்கு ஒரு பூச்சு. பூச்சின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். மிச்ச ஒளி உள்ளே போகும். பல அடுக்குப் பூச்சு போட்டால் இழப்பு ஒரு பரப்புக்கு அரை சதவீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பெட்டியில் ‘ஃபுல்லி மல்டி-கோட்டட்’ என்று இருந்தால் எல்லாப் பரப்புகளிலும் இது உண்டு என்று பொருள். வெறும் ‘கோட்டட்’ என்றிருந்தால் ஏதோ ஒரு பரப்பில் மட்டும் பூசியிருக்கலாம். டியூப்லைட்டுக்கு அடியில் லென்ஸைச் சாய்த்துப் பாருங்கள்: பிரதிபலிப்பு வெள்ளை வெளேரென்று தெரிந்தால் அந்தப் பரப்பில் பூச்சில்லை, பச்சையோ ஊதாவோ தெரிந்தால் உண்டு.

குளிரில் உள்ளே பனி படர்ந்துவிட்டால் எந்தக் கண்ணாடியும் பயன்படாது. ஓரிகன் மாநிலத்தில் நில அளவைக் கருவிகள் செய்துவந்த மார்கஸ் லியூபோல்ட், மான் வேட்டையில் தன் ஸ்கோப் இப்படி மங்கிப்போக, எரிச்சலில் தானே ஒன்றைச் செய்யத் தொடங்கினார் என்பார்கள். 1947-இல் அவரது நிறுவனம் வெளியிட்ட ஸ்கோப்பில் காற்றை வெளியேற்றி உலர் நைட்ரஜன் அடைத்திருந்தார்கள். ஈரமில்லாத வாயுவில் பனி படர வழியில்லை. இன்று சுமார் 200 டாலர் ஸ்கோப்பிலும் இது கிடைக்கிறது. இல்லாததை வாங்கவே கூடாது.

ஸ்கோப் வழியே பார்க்கும்போது கண்ணைச் சற்று நகர்த்தினால், குறிபார்க்க உதவும் குறுக்குக்கோடு இலக்கிலிருந்து விலகுவதுபோல் தெரியும். இதைச் சரிசெய்யத் தனித் திருகு வைத்த ஸ்கோப்புக்கு விலை கூடும். 100 கெஜத்துக்குச் சரிசெய்த 40 மில்லிமீட்டர் ஸ்கோப்பில், 200 கெஜத்தில் கண் எவ்வளவு தள்ளியிருந்தாலும் பிழை ஓர் அங்குலத்துக்கும் குறைவு. மானின் இதய, நுரையீரல் பகுதியோ எட்டு அங்குல அகலம். எனவே அந்தத் திருகு தேவையில்லை. ஆனால் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடைவெளி மூன்றரை அங்குலமாவது வேண்டும். குறைந்தால், துப்பாக்கி உதைக்கும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஆனால் இதே கணக்கு பைனாகுலருக்கும் அப்படியே பொருந்தும். வேடந்தாங்கலில் அந்தியில் திரும்பும் பறவைகளைப் பார்க்க 20x50 வாங்கினால் வட்டம் 2.5 மில்லிமீட்டர், 8x42 வாங்கினால் 5.25. கடைக்காரர் எத்தனை மடங்கு என்று சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் வகுத்துப் பார்த்துவிடுங்கள்.