மரக் கடைசல் இயந்திரத்தைத் தீங்கின்றி இயக்குதல்

மரத்தைச் சுழலவிட்டு, அதன்மீது உளியைப் பொருத்தி, உருண்ட வடிவம் கொடுக்கும் தொழிலுக்குக் கடைசல் என்று பெயர். கட்டிற்கால், தொட்டிற் கம்பு, சப்பாத்திக் குழவி, பம்பரம், குழந்தைகள் விளையாடும் சொப்பு ஆகிய யாவும் கடைசலில் பிறந்தவையே. கர்நாடகத்தில் சன்னபட்டணா, ஆந்திரத்தில் வராக நதிக்கரையிலுள்ள ஏடிகொப்பாகா, குஜராத்தில் சங்கேடா, உத்தரப்பிரதேசத்தில் வாரணாசி ஆகிய ஊர்கள் இத்தொழிலால் பெயர் பெற்றவை. சன்னபட்டணாவிலும் ஏடிகொப்பாகாவிலும் பொம்மைக்குப் பெரிதும் பயன்பட்டு வந்த மரம் ஒன்றே. தமிழில் அதனை வெட்பாலை என்பர். மென்மையும் நெருங்கிய இழையும் உடையதாகையால் அது உளிக்கு நன்கு இணங்கும்.

பழைய கைக்கடைசலில் வில்லின் நாணையோ ஒரு கயிற்றையோ தண்டில் சுற்றி முன்னும் பின்னும் இழுப்பர். மரம் ஒருமுறை முன்னோக்கியும் மறுமுறை பின்னோக்கியும் சுழலும். உளி முன்சுழற்சியில் மட்டுமே வெட்டும். இம்முறையில் வேலை மெதுவாகவே நடந்தது. ஆயினும் அதில் இரண்டு இயற்கைக் காவல்கள் இருந்தன. இழுக்கும் கை நின்றால் மரமும் நின்றுவிடும். உளி மரத்தில் மாட்டிக்கொண்டால் கயிறு தண்டின்மேல் வழுக்கும். மின்மோட்டார் பூட்டிய இயந்திரத்தில் இவ்விரண்டும் இல்லை. கைக்கடைசலில் பல்லாண்டு பழகியவரும் மின்கடைசலுக்கு வரும்பொழுது புதியவராகவே கருதப்படுதல் வேண்டும் என்பது இதனாற்றான். கிராமத் தொழிலாளருக்கு மின்கடைசலை அறிமுகஞ் செய்யும் களப்பணியாளர் இதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

சுழலும் மரம் ஓர் ஆடையை எவ்வளவு விரைவில் இழுத்துக்கொள்ளும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருட்டு நிமிடத்திற்கு 1500 சுற்று சுழல்வதாகக் கொள்க. அதன் சுற்றளவு ஏறத்தாழ 157 மில்லிமீட்டர். விநாடிக்கு 25 சுற்று என்பதால், அதன் மேற்பரப்பு விநாடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் விரைவில் செல்கிறது. ஆகவே ஒரு மீட்டர் நீளமுள்ள முந்தானை முழுவதையும் அது கால் விநாடியில் சுற்றிக்கொண்டுவிடும். கண் ஆபத்தைக் கண்டு, மனம் அறிந்து, கை அசையத் தொடங்குவதற்கே ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும். "சிக்கினால் உடனே நிறுத்திவிடலாம்" என்னும் எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை மாணவர்க்கு இக்கணக்கு ஒன்றே உணர்த்திவிடும்.

2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவிலுள்ள யேல் பல்கலைக்கழகத்தின் பட்டறையில், இரவு நேரத்தில் தனியே பணியாற்றிய மாணவி ஒருவர் கூந்தல் கடைசல் இயந்திரத்தில் சிக்கியதால் உயிரிழந்தார். அவ்வியந்திரம் உலோகம் கடையும் வகையைச் சேர்ந்தது. எனினும் சுழலும் தண்டுக்கு மரம், உலோகம் என்ற வேறுபாடு இல்லை. நிறுத்துவதற்கு அருகில் ஒருவரும் இல்லாமற் போனது அந்நிகழ்ச்சியின் மற்றொரு பாடம். பள்ளிப் பட்டறையில் எவரையும் தனியே இயந்திரத்தில் விடலாகாது. அதேபோல ஓர் இயந்திரத்தில் இருவர் ஒருங்கே கைவைப்பதும் கூடாது. இயக்குபவர் ஒருவர், பார்ப்பவர் கோட்டிற்கு வெளியே நிற்பவர் என்ற ஒழுங்கு தரையில் சுண்ணாம்புக் கோடு இட்டாலே நிலைபெற்றுவிடும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஓடும் இயந்திரத்தருகே வேலை செய்பவர் உடலோடு ஒட்டிய ஆடை அணிய வேண்டும் என்றும், துகள் தெறிக்கும் வேலையில் கண்ணுக்குக் காப்பு வேண்டும் என்றும் விதித்தது. ஆயினும் இரண்டு மூன்று பேர் உழைக்கும் வீட்டுப் பட்டறையும், பள்ளியின் கைத்தொழிற் கூடமும் அச்சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. மரக்கடைசல் மிகுதியாக நடப்பதோ அவ்விடங்களில்தான். ஆதலின் ஆசிரியரும் களப்பணியாளருமே அங்குச் சட்டத்தின் இடத்தை நிரப்ப வேண்டியவராகின்றனர். வேட்டியின் நுனி, துண்டு, முந்தானை, தொங்கும் சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி, வளையல், மோதிரம் ஆகியவற்றை வேலைக்கு முன்பே நீக்கவோ இறுகக் கட்டவோ வேண்டும். நீண்ட கூந்தலைக் கொண்டையிட்டுத் துணியால் மூடுதல் நன்று. கையுறை அணிந்தால் கைக்குப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கின்றனர். பிற வேலைகளில் அது உண்மையாகலாம். சுழலும் மரத்தின் முன் கையுறை என்பது கையைச் சுழற்சிக்குள் இழுத்துச் செல்லும் ஒரு பிடியே அன்றி வேறன்று.

இனி வேகத்தைப் பற்றிக் கூறவேண்டும். விபத்துகளின் வேர் பெரும்பாலும் இங்கேதான் உள்ளது. மரத்துண்டின் எடை மையத்திலிருந்து ஒருபுறம் மிகுந்திருந்தால், சுழலும்பொழுது அது வெளிநோக்கி இழுக்கும். இவ்விழுப்பு வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும். வேகம் இருமடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி 100 கிராம் எடை மிகையாக உள்ளதாகக் கொள்க. நிமிடத்திற்கு 500 சுற்றில் அது ஏறத்தாழ 3 கிலோகிராம் எடையளவு இழுக்கும். 1000 சுற்றில் 11 கிலோகிராமும், 2000 சுற்றில் 45 கிலோகிராமும் ஆகிவிடும். இவ்விசை ஒரே திசையில் நில்லாது, சுற்றுக்கு ஒருமுறை எல்லாத் திசைகளிலும் திரும்பி மையமுனைகளைத் தளர்த்திக்கொண்டேயிருக்கும். இயந்திரம் தரையில் அதிர்ந்து நகர்வதையும், மரம் திடீரெனப் பிடியை விட்டுப் பறப்பதையும் இக்கணக்கு விளக்குகிறது.

எனவே விட்டம் பெருகப் பெருக வேகத்தைக் குறைக்க வேண்டும். மரக்கடைசலில் நெடுநாளாக வழங்கும் ஓர் எளிய விதி உண்டு. மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து நிமிடச் சுற்று எண்ணால் பெருக்கினால் வரும் தொகை 6000 முதல் 9000 வரை இருக்கலாம் என்பதே அது. இவ்விதிப்படி 2 அங்குல உருட்டுக்கு 3000 முதல் 4500 வரையும், 6 அங்குலக் கிண்ணத்திற்கு 1000 முதல் 1500 வரையும், 12 அங்குலத் தட்டுக்கு 500 முதல் 750 வரையும் கிடைக்கும். இவை சமனான, பழுதற்ற மரத்திற்கு உரிய எண்கள் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். உருட்டப்படாத முரட்டுத் துண்டை இயந்திரத்தின் மிகக் குறைந்த வேகத்தில் தொடங்க வேண்டும். மாணவர்க்கு மேல் எல்லை எதற்கும் தேவையில்லை. இயந்திரத்தின் மூடியினுள்ளே பெல்ட்டு எந்தப் புல்லியில் உள்ளது என்பதைப் பாராமலே, முன்பு ஒருவர் விட்டுச் சென்ற வேகத்தில் பெரிய துண்டை ஏற்றுவது பல பட்டறைகளில் காணும் வழக்கம். இதுவே மிகக் கொடிய தவறு.

மரத்தை ஏற்றுமுன் அதனைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். வெடிப்பு, தளர்ந்த கணு, உள்ளே புதைந்த ஆணி ஆகியவை உள்ள துண்டை ஒதுக்கிவிட வேண்டும். பழைய கதவு, நிலை ஆகியவற்றிலிருந்து பெற்ற மரத்தில் ஆணியின் தலை மழுங்கி மரநிறத்திலேயே இருக்கும் என்பதால் அதைத் தடவிப் பார்ப்பதும் அவசியம். ஒட்டிய துண்டாயின் பசை முற்றும் உலர ஒருநாள் விடுவது நல்லது. சதுரக் கட்டையின் நான்கு மூலைகளை வாய்ச்சியாலோ இழைப்புளியாலோ நீக்கி எண்பட்டையாக்கிக்கொண்டால் தொடக்க அதிர்ச்சி மிகவும் குறையும். இரு மையமுனைகளும் மரத்தில் நன்கு பதிந்து, வால்புற முனை இறுகப் பூட்டப்பட்டிருத்தல் வேண்டும். அம்முனை மரத்தோடு சுழலாத வகையாயின் சிறிது மெழுகோ எண்ணெயோ இடாவிடில் மரம் கருகித் தளர்ந்துவிடும். பின்னர் இயந்திரத்தை ஓட்டாது, மரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்றுத் திருப்பி, எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். பூட்டிறுக்கும் சாவி அதிலேயே செருகி நிற்கின்றதா என்பதையும் அப்பொழுதே பார்த்துவிடலாம். பொத்தானை அழுத்தும்பொழுது சுழலும் மரத்திற்கு நேர் எதிரே நில்லாமல் ஒருபுறம் ஒதுங்கி நிற்க வேண்டும். துண்டு பறக்குமாயின் அந்நேர்ச் சுழற்சித் தளத்திலேயே பறக்கும்.

உளிதாங்கிக்கும் மரத்திற்கும் இடையே உள்ள இடைவெளி ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இருக்கலாம். இதன் காரணம் வெறும் நெம்புகோல் தத்துவமே. தாங்கிக்கு வெளியே உளி 1 சென்டிமீட்டர் நீண்டும், கை தாங்கிக்கு உட்புறம் 30 சென்டிமீட்டரில் பிடித்தும் இருப்பதாகக் கொள்க. மரம் உளிமுனையை 30 கிலோகிராம் எடையளவு அழுத்தினால் கை 1 கிலோகிராம் அளவே தாங்கவேண்டும். உளி 6 சென்டிமீட்டர் நீண்டுவிட்டாலோ அதே கை 6 கிலோகிராம் தாங்க நேரும். அதுவும் எதிர்பாராத ஒரு கணத்தில் நேரும். கடையக் கடைய மரம் மெலிந்து இடைவெளி அகன்றுகொண்டே போவதால், அடிக்கடி இயந்திரத்தை நிறுத்தித் தாங்கியை அருகில் நகர்த்த வேண்டும். ஓடும்பொழுதே நகர்த்துபவர் விரல்களை இழக்கத் துணிந்தவர்.

உளி முதலில் தாங்கியில் அமர வேண்டும். அதன்பின் உளியின் சரிவு முகம் மரத்தைத் தொட்டு வெட்டாமல் உரச வேண்டும். பிறகே கைப்பிடியை மெல்ல உயர்த்தி வெட்டுவாயை மரத்தினுள் இறக்க வேண்டும். இவ்வரிசை மாறி வெட்டுவாய் முதலில் பட்டால், மரம் உளியைக் கடித்துக்கொண்டு கையிலிருந்து பறித்துவிடும். மழுங்கிய உளியே கூரிய உளியினும் ஆபத்தானது. ஏனெனில் அதை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும். உருட்டின் முரட்டு மேற்பரப்பை நீக்கும் அகன்ற குடைவுளியைக் கிண்ணம் கடைய எடுக்கலாகாது. அதன் கைப்பிடிக்குள் நுழையும் வால் மெல்லியதாகையால் அங்கே ஒடியும். பழைய அரத்தைச் சாணை பிடித்து உளியாக்கிக்கொள்ளும் சிக்கனமும் தவிர்க்கத்தக்கது. அரம் முழுவதும் கடினமாக்கப்பட்டு நொறுங்கும் தன்மை பெற்றது. அது வளையாது, முறியும்.

மணற்காகிதம் தேய்க்கும்பொழுது உளிதாங்கியைக் கழற்றி விலக்கிவிட வேண்டும். இல்லையேல் விரல் இரண்டிற்கும் இடையே நசுங்கும். மெருகிடத் துணியை விரலில் சுற்றிப் பிடிப்பதும் தீமை. இவ்விடத்தில் சன்னபட்டணாக் கைவினைஞரின் வழக்கம் குறிப்பிடத்தக்கது. அவர்கள் அரக்குக் கட்டியைச் சுழலும் மரத்தில் அழுத்த, உராய்வின் வெப்பத்தால் அரக்கு இளகிப் படியும். அதன்மேல் தாழை ஓலையை வைத்து மெருகேற்றுவர். அழகிற்காக வந்த வழக்கமாயினும் அதில் ஒரு பாதுகாப்பும் உண்டு. ஓலை சிக்கினால் கிழியும். துணியோ கிழியாமல் விரலோடு சுற்றிக்கொள்ளும்.

குழல்விளக்கின் ஒளியிலும் ஒரு மயக்கம் ஒளிந்துள்ளது. நம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சி உடையதாகையால், பழைய சோக்குப் பூட்டிய குழல்விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். நிமிடத்திற்கு 1500 சுற்று சுழலும் சதுரக் கட்டை இரு ஒளிர்வுகளுக்கு இடையே சரியாகக் கால் சுற்றுத் திரும்பும். சதுரத்தின் நான்கு பக்கமும் ஒன்றுபோலிருப்பதால் அது அசையாது நிற்பதுபோலத் தோன்றும். 1440 சுற்றாயின் மெதுவாகப் பின்னோக்கி நகர்வதுபோலத் தெரியும். மலிவான எல்.இ.டி. விளக்குகள் சிலவும் இவ்வாறே துடிப்பவை. இயந்திரத்தருகே நல்ல பகலொளியோ துடிப்பில்லாத விளக்கோ வேண்டும். கண்ணை மட்டும் நம்பி எதையும் நின்றதாகக் கொள்ளலாகாது.

மின்தடை நேரும் ஊர்களில் மற்றோர் அபாயம் உண்டு. மின்சாரம் போனதும் மாணவர் மரத்தைத் தொட்டுப் பார்ப்பர், தாங்கியைத் திருத்துவர். மீண்டும் வந்தவுடன் இயந்திரம் தானே ஓடத் தொடங்கும். மின்னழுத்தம் இழந்தால் தானே விடுபட்டு, மறுபடி பொத்தானை அழுத்தினாலன்றி ஓடாத தொடக்கிகள் கிடைக்கின்றன. அத்தகைய தொடக்கி இல்லாத இடத்தில், மின்சாரம் நின்றவுடன் விசையை அணைப்பதை ஓர் அனிச்சைச் செயல்போலப் பழக்க வேண்டும். விசையும் சுழலும் மரத்தைத் தாண்டிக் கைநீட்ட வேண்டாத இடத்தில் அமைதல் வேண்டும்.

தெறிக்கும் செதுக்குத் தூள் கண்ணுக்கு உடனடித் தீங்கு. ஆகவே கண்ணாடியும், கிண்ணம் கடையும்பொழுது முழுமுகக் காப்பும் தேவை. கண்ணுக்குப் புலப்படாத நுண்தூளோ மெல்லத் தீங்கு செய்வது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு 1995இல் மரத்தூளை மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களில் சேர்த்தது. மூக்கின் உட்குழிகளே இதனால் பாதிக்கப்படும் முதன்மையான இடம். தேக்கு, ஈட்டி ஆகியவற்றின் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் தும்மலையும் உண்டாக்கும். மணற்காகிதம் தேய்க்கும் வேளையில் நுண்துகள் தடுக்கும் முகமூடி அணிதல் வேண்டும். தூளை விளக்குமாற்றால் கிளப்பிவிடாமல் ஈரத்துணியால் ஒற்றியோ உறிஞ்சுகருவியாலோ அகற்ற வேண்டும்.

மெருகுக்கு ஆளி விதை எண்ணெய் பயன்படுத்தினால், எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிதல் கூடாது. அவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கலந்து உலரும்பொழுது வெப்பம் வெளிப்படும். சுருண்ட துணியில் அவ்வெப்பம் தங்கி, நெருப்பின்றியே தீப்பற்றும். பட்டறையைப் பூட்டுமுன் அத்துணிகளை வெளியே கொடியில் விரித்து உலர்த்தவோ, நீர் நிறைந்த தகரப் பாத்திரத்தில் அமிழ்த்தி மூடி வைக்கவோ வேண்டும்.