துருவைத் துடைக்கலாம், சுரண்டலாமா?



நம்ம பக்கத்துல காவல் தெய்வம் இல்லாத ஊர் உண்டா? கருப்பசாமி கையில ஓங்கிய அரிவாள் இருக்கும். பக்கத்துல நேர்த்திக்கடனாகக் கொடுத்த அரிவாள்கள் வரிசையா நட்டிருக்கும். எங்க தெருக் கோயிலில் இப்போது திருப்பணிப் பேச்சு நடக்கிறது. "பழசெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு, எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வைக்கலாம்" என்கிறார்கள் சிலர். "பட்டறையில குடுத்துக் காய்ச்சி, உப்புத்தாள் போட்டா பளபளன்னு ஆயிடும்" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் வேண்டாம் என்பதற்கு நான் படித்துத் தெரிந்துகொண்ட காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

துரு என்பது என்ன?

நம் அறிவியல் புத்தகத்தில் உள்ளதுதான். இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜன், ஈரம் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். நம் கைவியர்வையில் உப்பு இருக்கிறது! அதனால்தான் கத்தியில் விரல் பட்ட இடம் முதலில் துருப்பிடிக்கிறது.

துருவிலும் வகை உண்டு. சிவப்பாகப் பொடிப்பொடியாக உதிர்வது இன்னும் இரும்பைத் தின்றுகொண்டிருக்கும் துரு. கறுப்பாக, வழவழப்பாக ஒட்டியிருப்பது பழைய இரும்புக்குப் போர்வை மாதிரி. முதலாவதை எடுக்க வேண்டும், இரண்டாவதை விட்டுவிட வேண்டும். உப்புத்தாளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, இரண்டையும் சேர்த்துத் தேய்த்துவிடும்.

தேய்த்தால் எது போகும்?

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் உலகமே தேடிய உருக்கு செய்தார்கள். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரும்பு, உருக்கு வேலை நடந்த உலைகளை அகழாய்வில் கண்டிருக்கிறார்கள். பின்னாளில் சேலம் பக்கம் இதைச் செய்த முறையை ஆங்கிலேயர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சின்ன மண் மூசையில் இரும்புத் துண்டு, ஆவாரங்கட்டை, எருக்கிலை போட்டு மூடி உலையில் வைப்பார்களாம். கட்டையும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்பில் ஏறி உருக்கு ஆகும். நாம் ஆடு மேய்க்கிற இடத்தில் கிடக்கிற ஆவாரையும் எருக்கும்தான்! அந்த உருக்கில் அடித்த வாளில் தண்ணீர் அலை மாதிரி வரிகள் தெரியும். அளவு மீறிக் காய்ச்சினால் அந்த வரிகள் அழிந்துவிடும். மேலே உப்புத்தாள் போட்டால் இருக்கிற வரியும் கண்ணுக்குத் தெரியாது.

தஞ்சாவூர்க் கதையையும் சொல்ல வேண்டும். 1855இல் தஞ்சை அரசு ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1860களில் அரண்மனை ஆயுதசாலையைக் கலைத்தார்கள். தேர்ந்தெடுத்த சில ஆயுதங்கள் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மிச்சத்தில் பெரும்பகுதி பழைய இரும்பாக உடைந்து போனது. பிழைத்தவற்றில் கட்டாரிகள் முக்கியம். அந்தக் கட்டாரிகள் பலவற்றில் பிடி நம் ஊர் வேலை, அலகு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த வாளின் துண்டு! அலகில் உள்ள முத்திரை எழுத்துகளை வைத்துத்தான் இதைச் சொல்கிறார்கள். யாராவது பளபளப்புக்காக அதைத் தேய்த்திருந்தால் எழுத்தோடு வரலாறும் போயிருக்கும்.

எலுமிச்சம்பழம் நண்பனா, எதிரியா?

கோயில் சூலத்திலும் அரிவாளிலும் எலுமிச்சம்பழம் குத்துகிறோம். ஜாவாக்காரர்களும் தங்கள் 'கிரிஸ்' என்ற குத்துவாளுக்கு எலுமிச்சைச் சாறுதான் போடுகிறார்கள். அவர்களுடைய ஆண்டின் முதல் மாதத்தில் அதற்கென்றே சடங்கு உண்டு. சாறு துருவைக் கரைக்கும். பிறகு நன்றாகக் கழுவி, காயவைத்து, எண்ணெய் பூசி உறையில் வைப்பார்கள். 2008இல் இந்தோனேசியக் கிரிஸ் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

பிலிப்பைன்ஸ் தெற்கில் மிண்டனாவோ, சூலு தீவுகளில் வாழும் மோரோ மக்களின் கிரிஸ் இதைவிடப் பெரியது, வெட்டவும் பயன்படும். சிலது பாம்பு மாதிரி வளைந்திருக்கும், சிலது நேராக இருக்கும். பல இரும்பு அடுக்குகளைச் சேர்த்து அடித்ததால் அதிலும் வரி தெரியும். பழைய மோரோ கிரிஸில் பிடிக்குப் பக்கத்திலுள்ள அகன்ற பகுதி தனித் துண்டு. பின்னால் வந்த பலவற்றில் ஒரே துண்டாகவே செய்தார்கள். அந்த இணைப்புக் கோட்டைப் பார்த்தே சேகரிப்பவர்கள் வாளின் வயதைக் கணிக்கிறார்கள். அங்கேயும் தேய்த்தால் அடையாளம் போச்சு.

நாம் பழத்தைக் குத்திவிட்டு அப்படியே விட்டுவிடுகிறோம். புளிப்பு அங்கேயே இருந்து இரும்பைத் தின்கிறது. ஆயுத பூசைக்கு வைக்கிற சந்தனமும் குங்குமமும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். உடனே ஐப்பசி, கார்த்திகை அடைமழை! பூசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூசை முடிந்து மூன்றாம் நாள் துடைத்து வைப்போம் என்கிறேன்.

நாம் செய்யக்கூடியவை

1. தொடும் முன் போட்டோ எடுங்கள். யார் கொடுத்தது, எப்போது, எந்தப் பட்டறை என்று பெரியவர்களிடம் கேட்டு நோட்டில் எழுதுங்கள்.
2. காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். உதிரும் துரு இருந்தால் மெஷின் எண்ணெய் தடவிச் சில நாள் ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் மெல்ல நீக்குங்கள். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்.
3. உப்புத்தாள், கிரைண்டர், தீ மூன்றும் கூடாது. தீயில் காய்ச்சினால் பதம் போய்விடும்.
4. நல்லெண்ணெய் வேண்டாம். நாளானால் பிசுக்காகித் தூசி பிடிக்கும். மெஷின் எண்ணெயே போதும்.
5. தோல் உறைக்குள்ளேயே வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும்.
6. எழுத்து, முத்திரை, பொன் வெள்ளி வேலை தெரிந்தால் கை வைக்காமல் அருங்காட்சியகத்தில் கேளுங்கள். சென்னை அருங்காட்சியகத்தில் இதற்கென்றே வேதியியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது.

தெரிந்துகொள்ளுங்கள்!

உழும்போது மண்ணிலிருந்து பழைய இரும்பு கிடைத்தால் துடைக்கவே கூடாது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025இல் தமிழக அரசு அறிவித்தது. கூடக் கிடந்த கரி போன்றவற்றைச் சோதித்துத்தான் அதைச் சொன்னார்கள். மண்ணைக் கழுவினால் சாட்சியும் கழுவப்பட்டுவிடும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி தகவல் சொல்லவும் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் வழி காட்டுவார். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாமாக வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

"இது ராஜா வாள் இல்லையே, லாரிப் பட்டையில அடிச்ச அரிவாள்தானே" என்று கேட்கலாம். இருக்கட்டுமே! ஒவ்வொரு அரிவாளுக்குப் பின்னாலும் ஒரு வேண்டுதல் இருக்கிறது. பிள்ளை பிழைத்ததற்கு ஒருவர் கொடுத்திருப்பார், ஏலத்தோட்டத்துக்கு மலையேறிய மகன் நல்லபடியாகத் திரும்பியதற்கு இன்னொருவர். எடைக்குப் போட்டால் கிலோவுக்குச் சில ரூபாய் வரும். அந்தக் கதைகளை எந்தத் தராசில் போடுவது?

எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கோயிலிலோ வீட்டுப் பரணிலோ பழைய அரிவாள், வாள், சூரிக்கத்தி இருந்தால் பள்ளிக்குக் கொண்டு வர வேண்டாம். போட்டோவும் கதையும் மட்டும் கொண்டு வாருங்கள். ஒரு நோட்டில் எழுதித் தொகுப்போம். திருப்பணிக் கூட்டத்துக்கு முன் எங்க தெருப் பெரியவர்களிடமும் அந்த நோட்டைக் காட்டலாம்னு இருக்கேன்.



– பதினோராம் வகுப்பு மாணவன், சிலமலை